ஐந்து மடிப்பில் ஒரு வினைச்சொல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வாண்டும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இருமல்தான் விட்டபாடில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் நிற்கிறவனுக்கு வேறென்ன வரும்? தும்மினால் ஒரு ரொட்டி சுடலாம், அவ்வளவு மாவு உள்ளே இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை பேச்சின் நடுவே நான் குறட்டை விட்டேன் என்று நீ ஒரு வாரம் திட்டினாய். வாண்டிடம் கொடுத்தால் நீ அந்தப் பக்கம் மூச்சு விடுகிறாய், அவள் இந்தப் பக்கம் மூச்சு விடுகிறாள். அதனால் வேலை இடைவேளையில் கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாண்டின் அம்மா இறந்து இரண்டு வருஷமாக, நான் இரவு வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா ஆகஸ்டு கடைசியில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். வேறு ஆள் கிடைக்கவில்லை. பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டால் மேஸ்திரி சிரிக்கிறார்.

வாண்டை உன்னிடம் அனுப்பலாமா? ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் நான் ஏதாவது வழி செய்துவிடுவேன்.

ஒரே சிக்கல் பேச்சுதான். அவளுக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் வரும். அம்மாவோடு பேசியது அது, பள்ளிக்கூடத்தில் பேசுவது அது. சாப்பிடு, தூங்கு, கதவைச் சாத்து, சத்தம் போடாதே. தமிழில் அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் வாயிலிருந்து அவள் கேட்ட தமிழும் இவ்வளவுதான்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கும் தெம்பு வேண்டுமே.

உன் தம்பி


ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

என் முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, அதன் வலியும் கூடவே இருக்கிறது. இருமலுக்கு மருந்து வாங்கினாயா, இல்லை மேஸ்திரி அதற்கும் சிரித்தாரா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுதவில்லை. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். உன் அத்தான் படுக்கையில் கிடந்த வருஷங்களில் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் ஓயவே இல்லை. தண்ணீர், மாத்திரை, புரட்டிப் போடு, விளக்கை அணை. அவர் போன பிறகு அழுது முடித்து, ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து டீ குடித்தபோதுதான் கவனித்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த டீயைப் போல ஒரு டீ நான் குடித்ததே இல்லை. அந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போடவா பார்க்கிறாய் என்று உன் மேல் எரிச்சல் வந்தது.

பிறகு எரிச்சலும் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. அனுப்பு. என் தம்பி பிள்ளையை நான் வைத்துக்கொள்ளாமல் வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆனால் ஒன்று. குழந்தை அழுதால் எதற்கு அழுகிறது என்று எனக்குப் புரிய வேண்டும். தெரியாத வீட்டில், தெரியாத கிழவி முன்னால் நின்று அது எதையோ சொல்ல, நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்க முடியாது. முழு மொழியும் இந்த மண்டையில் ஏறாது. எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பு என்று எழுதியதைக் கேன்டீனில் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் கண்ணில் மாவு விழுந்துவிட்டதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். மருந்து வாங்கினேன், குடிக்கவும் செய்கிறேன்.

எது இல்லாமல் முடியாது என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே நான் பதினோரு வருஷம் பிழைத்தது பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லை வைத்துத்தான். ஒன்றை வைத்திருப்பதைச் சொல்லும் வினை அது. நமக்குத்தான் பசிக்கிறது, தாகமெடுக்கிறது, குளிருகிறது, தூக்கம் வருகிறது, பயமாயிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. இவர்களுக்கு எல்லாமே வைத்திருப்பதுதான். பசியை வைத்திருக்கிறேன், குளிரை வைத்திருக்கிறேன், பயத்தை வைத்திருக்கிறேன் என்பார்கள். வயதைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். அவள் ஏழு வருஷங்களை வைத்திருக்கிறாள்.

நான் என்றால் தெங்கோ. நீ என்றால் தியேனெஸ். அவன், அவள் என்றால் தியேனே. நாம் என்றால் தெனேமோஸ். அவர்கள் என்றால் தியேனென். புத்தகத்தில் ஆறாவது ஒன்று இருக்கிறது, இந்தப் பக்கத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஐந்து போதும்.

பசிக்கு ஆம்ப்ரே. குளிருக்கு ஃப்ரீயோ. தூக்கத்துக்கு ஸ்வேன்யோ. பயத்துக்கு மியேதோ. இருமலுக்குத் தோஸ், இதை நான் தேட வேண்டியிருக்கவில்லை. 'தெங்கோ ஆம்ப்ரே' என்று அவள் சொன்னால் சாப்பாடு போடு. 'தெங்கோ ஸ்வேன்யோ' என்றால் படுக்க வை.

உண்மையில் எனக்கு ஐந்தும் ஒழுங்காகத் தெரியாது. வேலையிடத்தில் நானும் மேஸ்திரியும் மட்டும்தானே, அதனால் தெங்கோவும் தியேனெஸும் பழக்கம். மீதியை வாண்டைக் கேட்டு எழுதினேன். அப்பாவுக்கே தெரியவில்லையா என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் அம்மா நிற்பது மாதிரியே நிற்கிறாள்.

உன் தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் நேற்று மாத்திரை போட்டேன், இன்று போடவில்லை என்று எழுதுகிறேன்.

பசியையும் பயத்தையும் சொத்து மாதிரி வைத்திருக்கிறார்களே, என்ன ஜனங்கள் இவர்கள்! நமக்கு அது தானாக வருகிறது, தானாகப் போகிறது. இவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உன் வினைச்சொல் என் பிராணனை எடுக்கிறது. தெங்கோ என்று ஆரம்பித்தால் ஒழுங்காகத் தெனெஸ், தெனே என்று போக வேண்டியதுதானே? நடுவில் ஒரு 'யே' எங்கிருந்து வந்து நுழைகிறது? நுழைந்தது இருந்து தொலைக்கக் கூடாதா, தெனேமோஸில் மறுபடி காணாமல் போகிறது. கிறுக்குப் பிடித்த வினை.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி உருளை இயந்திரத்திலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு இரண்டு பேராக மடிப்போம் இல்லையா? ஒரு விரிப்புக்கு ஐந்து மடிப்பு. முதல் மடிப்புக்குத் தெங்கோ, கடைசி மடிப்புக்குத் தியேனென். மூலைகளைச் சேர்த்துப் பிடித்து எதிரும் புதிருமாக நடந்து வரும்போது வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. என்னோடு மடிக்கிற ஜோடிக்காரி முதல் நாள், "என்னக்கா, மந்திரம் ஓதுறீங்களா?" என்று கேட்டாள். இப்போது அவளுக்கே மனப்பாடம். நான் தடுமாறினால் மூலையை வெடுக்கென்று இழுத்துத் திருத்துகிறாள்.

எங்கள் கொதிகலன்காரர் சின்ன வயதில் கப்பலில் இருந்தவர். ஸ்பானிய மொழி தெரியும் என்பார். கேட்டுப் பார்த்தேன். "தெரியும்மா, ஆனா பொம்பளைங்க முன்னாடி சொல்ற மாதிரி வார்த்தை கொஞ்சம்தான் இருக்கு" என்றார். அந்தக் கொஞ்சத்தை வைத்து உச்சரிப்பைச் சரிபார்க்கிறார்.

வாண்டு என்ன சொல்கிறாள்? இங்கே வரப்போவதை அவளிடம் சொன்னாயா? அழுதாளா? அதை எழுதவே இல்லையே நீ.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது வைத்தியம் ஆகாது. தினமும் போடு.

உன் கடிதம் வந்ததிலிருந்து இங்கே வாத்தியார் நான் இல்லை. நீ தனித்தாளில் எழுதி அனுப்பிய ஐந்தையும் வாண்டு சிவப்புப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறாள். இத்துடன் அனுப்பச் சொன்னாள். ஒரு இடத்தில் அடித்துவிட்டு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேலே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறாள். மடித்துக்கொண்டே படிக்கிற கதையைச் சொன்னேன். வீட்டில் இருக்கிற இரண்டு விரிப்பையும் எடுத்து என்னை மடிக்க வைத்தாள். நான் நின்றபடி தூங்கிவிட்டேன்.

புதிதாக ஒன்று சொல்லித் தரச் சொல்கிறாள். தெங்கோவோடு 'கே' சேர்த்தால், செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். தெங்கோ கே போட்டால் நான் இன்னதைச் செய்தாக வேண்டும், தியேனெஸ் கே போட்டால் நீ செய்தாக வேண்டும். தொழிற்சாலையில் நாள் முழுக்க என் காதில் விழுவது இதுதான்.

கீழே அவளே சில வாக்கியங்களை எழுதியிருக்கிறாள். பயிற்சிக்காம். நான் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வாண்டு ரொம்ப உற்சாகமாக இருக்கிறாள்.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

தினமும் போடுகிறேன். வயிறு எரிகிறது, கால் வலிக்கவில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும் போலிருக்கிறது.

நட்சத்திரம் வாங்கியதைக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். சிரிக்காதே. கடைசியாக எனக்கு யார் நட்சத்திரம் போட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமில்லை.

அவள் எழுதிய வாக்கியங்களை நீ பார்க்கவில்லை என்கிறாய், நான் பார்த்தேன். அப்பாவுக்குத் தூக்கம் இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது. அப்பாவுக்கு நேரம் இல்லை. தையல்காரம்மாவுக்கு ஒரு பூனை இருக்கிறது. பூனைக்கு நேரம் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் அகராதி இல்லாமலே படித்தேன். படித்து முடித்ததும் பெருமைப்படுவதா வேறேதாவது செய்வதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் போ.

கொதிகலன்காரர் இறந்த காலத்துக்கு ஒரு வடிவம் சொன்னார். தூவே. என்னிடம் இருந்தது. இந்த வினை அங்கே வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது, முகமே அடையாளம் தெரியவில்லை. அதற்கு மட்டும் எனக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

உன் அத்தான் படுத்திருந்த அறையை வெள்ளையடித்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டோம், ஜோடிக்காரி வந்து கை கொடுத்தாள். நேற்று வேலை விட்டு வந்து அந்தக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அறையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டால் பரவாயில்லை என்று தோன்றியது. ஜனவரியில் நான் எழுதியதை மறந்துவிடு.

அவளிடம் சொன்னாயா என்று கேட்டிருந்தேன். உற்சாகமாக இருக்கிறாள் என்று எழுதுகிறாய். ஒரு குழந்தை வீட்டை விட்டுப் போக உற்சாகப்படுமா? எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அவளுக்கென்று தனியாக ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன், அவள் மொழியிலேயே. எனக்குத் தெரிந்தது ஒரே வினை, ஆகவே தாள் முழுக்க அதுதான். எனக்குக் கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, உனக்கு ஏழு வயது இருக்கிறது, உனக்குப் பயம் இருக்கிறதா? அவ்வளவுதான். நீ நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதே. அவளே படிக்கட்டும், அவளே பதில் எழுதட்டும்.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் அப்படியே இருக்கிறோம். உன் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்.

வாண்டு பதில் எழுதி, உறையில் போட்டு, தானே ஒட்டிவிட்டாள். என்னிடம் காட்டவில்லை. இரண்டு நாள் எழுதினாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஆகஸ்டு முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்கப் பார்க்கிறேன்.

உன் தம்பி


மே 19

தம்பிக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. உன் பெண் எழுதியதை அகராதியைப் புரட்டி அப்படியே தமிழில் எழுதுகிறேன், முதலில் அதைப் படி.

'அத்தைக்கு. எனக்கு எட்டு வயது, ஏழு இல்லை. எனக்குப் பயம் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் பரவாயில்லை. விமானம் கொஞ்சம்தான் குலுங்கும் என்று தையல்காரம்மா சொன்னார். உங்கள் கட்டிலையும் ஜன்னலையும் கொண்டுவர முடியாது, அவை பெரியவை. நீங்கள் கோட்டு கொண்டுவர வேண்டும், இங்கே குளிர். என் அலமாரியில் மேல் தட்டைக் காலி செய்துவிட்டேன், அது உங்களுக்கு. கட்டிலில் சுவர்ப் பக்கம் எனக்கு. அப்பா பகலில் தூங்குவார், அதனால் நாம் மெதுவாகப் பேச வேண்டும். மெதுவாகப் பேச உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன்.'

படித்தாயா?

நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று முதலில் நினைத்தேன். நீ, நான் என்பதை மாற்றிப் போட்டுக்கொண்டேனோ என்று ஐந்தையும் விரல் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கொதிகலன் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நீங்க சரியாத்தாம்மா படிச்சிருக்கீங்க. நீங்க அங்க வரப்போறீங்கன்னு அந்தப் பொண்ணு நெனச்சிக்கிட்டு இருக்கு" என்றார். அப்புறம் கொதிகலனைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

அவள் நினைத்ததில் என்ன தப்பு? தமிழ் பேசுகிற ஊருக்கு அவள் வருவதென்றால் அவளல்லவா தமிழ் படிக்க வேண்டும்? அத்தை ஸ்பானிய மொழி படிக்கிறாள் என்றால் அத்தை அங்கே வருகிறாள். எட்டு வயதுக்கு எவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டிருக்கிறாள்! நாம் இரண்டு தடிமாடுகளும் ஐந்து மாதமாகக் கடிதம் எழுதியும் இது நமக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றவில்லை. உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் நழுவினாய். அவள் வயதைக்கூட ஒன்று குறைத்து எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு பிறந்த நாள் போயிருக்கிறது, நீ தூங்கிக்கொண்டிருந்தாயா?

அவளிடம் சொல். நீயே சொல். தையல்காரம்மாவை விட்டுச் சொல்லாதே, என்னை எழுதச் சொல்லாதே. அவள் காலி செய்து வைத்திருக்கிற அந்த மேல் தட்டை நினைத்துப் பார்.

அக்கா


ஜூன் 14

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். கோபத்தில் எழுதியது அப்படியேதான் இருக்கிறது, அதைத் திருப்பி வாங்கவில்லை. ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் விட்டேனே, அது மட்டும் உறுத்துகிறது. இருமல் எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலும் வயிறும் எப்படி இருக்கின்றன? எனக்கு நடுவில் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். காய்ச்சல் ஐந்து நாள்தான் இருந்தது.

பிப்ரவரியில் உனக்காக அந்த ஐந்தையும் அவளிடம் கேட்டேன் இல்லையா, அன்றைக்கே கேட்டாள், அத்தை ஏன் நம்ம மொழி படிக்கிறாங்க என்று. சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் அவளே, "இங்க வரப்போறாங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மா போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, அக்கா. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த நாள் வேலை விட்டு வந்தபோது ரொட்டியை அவளே வெட்டி வைத்திருந்தாள், ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்து இது அத்தை தட்டு என்றாள். அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. அப்படியே மாதங்கள் ஓடிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அத்தை வரவில்லை, நீதான் போகிறாய் என்று. நான் நினைத்தது போல அழவில்லை. "அப்போ நான் யாருக்காகச் சொல்லிக் கொடுத்தேன்?" என்று கேட்டாள். உனக்காகத்தான், நீ பேசுவது அத்தைக்குப் புரிய வேண்டாமா என்றேன். தலையாட்டினாள்.

சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அங்க பகல்ல சத்தமாப் பேசலாமா?" என்றாள். பேசலாம் என்றேன். "சரி, போறேன்" என்றாள். அவ்வளவு எளிதாக.

அன்று மாவு இயந்திரத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு லாரி ரொட்டி வீணாகிவிட்டது. மேஸ்திரி திட்டினார், அது காதில் ஏறவே இல்லை. சத்தமாகப் பேசலாம் என்பதற்காக ஒரு பிள்ளை அப்பனை விட்டுப் போகச் சம்மதிக்கிறது என்றால் நான் எப்படிப்பட்ட வீடு வைத்திருக்கிறேன், சொல்லு.

எனக்கு அவளை அனுப்ப மனமில்லை. வைத்துக்கொள்ளவும் வழியில்லை. யோசித்து யோசித்து மூளை மாவாகிவிட்டது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுக்கவே போய்விட்டதா? என் கால் பரவாயில்லை. வயிற்றுக்கு உன் யோசனை பலித்தது.

பதில் தாமதமானதற்குக் காரணம், நான் விசாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உன் கடிதம் கிடைத்த அன்றே முடிவு செய்துவிட்டேன், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் உனக்கு எழுத வேண்டாம் என்று பொறுத்தேன். நேற்று அனுமதி வந்தது. ஆறு மாதம். டிக்கெட்டை நான் எடுத்துவிட்டேன், ஆகஸ்டு இருபதாம் தேதி. அவளுக்கு எடுக்காதே.

சலவைக் கூடத்தில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னும் நாலு வருஷம் இருந்தா ஓய்வூதியம்மா, யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?" என்றார். நாலு வருஷத்துக்கு எத்தனை விரிப்பு மடிக்க வேண்டியிருக்கும் என்று அவரைத்தான் கேட்டேன். ஜோடிக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, புது ஆளுக்கு அந்த ஐந்து வார்த்தையையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அது இல்லாமல் எனக்கு மடிக்க வரவில்லை என்றாள்.

எனக்காக அக்கா எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று அங்கே யாரிடமும் அழுது வைக்காதே. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அவள் இங்கே வந்தால் எனக்குத்தான் லாபம், வெள்ளையடித்த அறையும் ஜன்னலும் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவள் அம்மாவை இழந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. தூங்கி வழிந்தாலும் அப்பா என்று ஒருவன் பக்கத்தில் கிடக்கிறான். அதையும் பிடுங்கி என் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன சமைத்துப் போட்டாலும் எனக்குத் தொண்டையில் இறங்காது. அலமாரியைக் காலி செய்தவள் அவள். அதில் துணி வைக்க நான் போகிறேன்.

உனக்கு ஒரு 'தியேனெஸ் கே' உண்டு. ஆறு மாதத்துக்குள் நீ பகல் வேலைக்கு மாறியாக வேண்டும், அந்தத் தொழிற்சாலையிலோ வேறெங்கோ. மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும். டாக்டரிடமும் போயாக வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இத்தனை வயதில் முதல் தடவையாக அடுத்த வருஷம் எங்கே இருப்பேன் என்று தெரியாமல் இருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. குழந்தைக்குப் பசித்தால், குளிர்ந்தால், பயந்தால் அவள் சொல்வது எனக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதையெல்லாம் படித்தேன். இப்போது தெரியாத ஊரில் இறங்கி அதையெல்லாம் நான்தான் சொல்லப்போகிறேன். அவளுக்குப் புரியும். அந்த ஒரு தைரியத்தில்தான் வருகிறேன்.

கோட்டு வாங்கிவிட்டேன், அதை அவளிடம் சொல். விமான நிலையத்துக்கு வேலை முடிந்த கையோடு ஓடி வராதே, கண்ணை மூடிக்கொண்டு எங்காவது முட்டிக்கொள்வாய். தையல்காரம்மாவோடு அவளை மட்டும் அனுப்பு.

வந்ததும் இரண்டு நாள் நான் தூங்குவேன். அந்த இரண்டு நாளும் நீயும் லீவு போட்டுவிட்டுத் தூங்கு. யாரும் நம்மை எழுப்பக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு அவள் காவலுக்கு இருக்கட்டும்.

அக்கா